பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு நாய்

சில மாதங்களுக்கு முன் என் பழைய பணிமனையிலிருந்து தொலைபேசி வந்தது. இப்போது அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருக்கும் இளைஞர் பேசினார். அவரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. நாய்களைப் பதிவு செய்யும் வேலை இனித் தாளில் இல்லையாம், எல்லாம் கைத்தொலைபேசியிலாம். நாயின் படம், ஊசி போட்ட நாள், உரிமையாளர் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதிலேயே ஏற்ற வேண்டுமாம்.

"நல்லதுதானே தம்பி, எங்க காலத்துல மழையில தாள் நனைஞ்சு பட்ட பாடு இருக்கே" என்றேன்.

"அது சரி சார். ஆனா முதல் கேள்வியே உரிமையாளர் யாருன்னு கேக்குது. அதுக்குப் பதில் போடாம அடுத்ததுக்குப் போக முடியாது. தோட்டத்துல போய்க் கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க. டவுன்ல இப்படி இல்ல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா..."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அங்கே ஆட்கள் வாய் திறக்காததற்கு முக்கியக் காரணம் நான்தான். அதை அந்தத் தம்பியிடம் உடனே சொல்ல வெட்கமாக இருந்தது. வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடும் ஊழியராக இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவன். பெயர் செல்வராஜ். மலைநாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'நாயூசிக்காரர்' என்றால் தெரியும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதன்முதலாக அரசாங்க வேலை கிடைத்தவன் நான்தான். அப்பா பெருமையோடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன வேலை என்று கேட்டால் மட்டும் "ஆஸ்பத்திரிப் பக்கம்" என்று இழுப்பார். இன்னொரு விஷயமும் இருந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு நாய் என்றால் குலை நடுங்கும். கொழும்பில் சிங்களத்தில் நடந்த இரண்டு வாரப் பயிற்சியில் பாதி புரிந்தது, மீதியைப் பக்கத்தில் இருந்தவன் சொன்னான். முடிந்து வந்த முதல் வாரத்திலேயே கடி வாங்கினேன்.

அந்தக் கடியோடுதான் சிவபாலன் ஐயாவின் அறிமுகம். அவர் எங்கள் பரிசோதகர், யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. கையில் எப்போதும் ஒரு குடை, தோல் பைக்குள் எப்போதும் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் சவர்க்காரம். நான் கையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, அம்மா" என்று நிற்க, அவர் டப்பாவைத் திறந்தார்.

"ஐசே, இஞ்சை வாரும். கத்தாதையும். பைப்படியிலை நில்லும்."

லயத்துப் பைப்பைத் திறந்து என் கையை அதன் கீழ் பிடித்தார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், கழுவினார், மறுபடி தேய்த்தார். மற்றக் கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினைந்து நிமிடம். அந்த மலைத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கையை வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு நேரம் என்று தெரியும். ஐந்து நிமிடத்தில் நான் கையை இழுத்தேன்.

"ஏன் அவசரம்? கிருமிக்கு அவசரமில்லை. உமக்கு மட்டும் என்ன?"

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் வேலை செய்த விதம் முழுவதும் இப்படித்தான். கடிபட்டவர் யாராக இருந்தாலும் முதலில் பைப்படி, அப்புறம் வைத்தியர், அப்புறம்தான் விசாரணை. விசாரணையிலும் அவருக்கு மூன்றே கேள்விகள். கடித்த நாய் எங்கே? அதற்கு ஊசி போட்டதா? இனிப் பதினான்கு நாள் அதை யார் பார்த்துக்கொள்வது? நாயைக் கொல்லக் கூடாது, விரட்டக் கூடாது. கட்டிப் போட்டுச் சோறு வைத்துப் பார்க்க வேண்டும். பதினான்கு நாளும் நன்றாக இருந்துவிட்டால் கடிபட்டவருக்குப் பயமில்லை. கடித்த நாயை அடித்துப் போட்டுவிட்டு வந்து வீரம் பேசுகிறவர்களைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் வரும். அப்போதும் குரல் உயராது, குடையை மட்டும் தரையில் ஒருமுறை தட்டுவார்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

தோட்டத்து நாய்க்கும் டவுன் நாய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டவுனில் நாய் ஒரு வீட்டுக்குச் சொந்தம், கேற் இருக்கும், சங்கிலி இருக்கும். லயத்தில் அப்படி இல்லை. பன்னிரண்டு காம்பரா, அதாவது பன்னிரண்டு வீடு, உள்ள ஒரு லயத்தில் ஒரு நாய் இருந்தால் அது காலையில் முதலாம் காம்பராவில் ரொட்டித் துண்டு தின்னும், மத்தியானம் ஐந்தாம் காம்பராவில் சோறு தின்னும், மழை பெய்தால் ஒன்பதாம் காம்பரா வாசலில் படுக்கும். எல்லாரும் அதைக் கூப்பிடுவார்கள், எல்லாரும் திட்டுவார்கள். "இது யார் நாய்?" என்று கேட்டால் "லயத்து நாய்ங்க" என்பார்கள். எனக்குக் கொடுத்திருந்த அட்டையிலோ 'உரிமையாளர் பெயர்' என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது. கோடு வெறுமையாக இருந்தால் மேலிடத்தில் அட்டையைத் திருப்பி அனுப்புவார்கள்.

ஆகவே நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஊசி போடும்போது நாயை யார் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ அவர்கள் பெயரை எழுதிவிடுவது. கேட்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

வட்டவளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் பேச்சியம்மா என்று ஒருவர் இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். அப்போது நாற்பது வயதிருக்கும். எந்த நாயும் அவர் கைக்கு அடங்கும். செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து நாயின் மேல் போடுவார், தலையைத் தன் கக்கத்துக்குள் இழுத்துக்கொள்வார், காதருகில் ஏதோ முணுமுணுப்பார். நான் ஊசியைப் போட்டு எடுத்தது நாய்க்கே தெரியாது.

"என்னக்கா சொல்றீங்க அதுக்கிட்ட?"

"ஒன்னுமில்லீங்க. 'இந்த ஆளு ஒன்னைய விடப் பயந்தவன், சும்மா இரு'ன்னேன்."

ஒருநாள் பெருமழை. ஊசி போட்டு, அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, அட்டை எழுதி, ஏழு நாய்கள் முடித்தேன். ஏழையும் பிடித்தது அவர்தான். ஏழு அட்டையிலும் 'பேச்சியம்மா' என்று எழுதினேன். அவருக்கு அதை வாசித்துக் காட்டக்கூட இல்லை. மருந்து வைத்த பனிக்கட்டிப் பெட்டியை மூடிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து அந்த ஏழில் ஒன்றான டைகர் கடித்தது. டைகர் என்பது பெயர்தான், பூனையைக் கண்டால் ஒதுங்கும் நாய் அது. காலைப் பனியில் படிக்கட்டில் படுத்திருந்தது. பாடசாலைக்கு இறங்கிய கீழ்லயத்துத் தர்ஷினி என்ற எட்டு வயதுப் பிள்ளை அதன் வாலை மிதித்துவிட்டாள். கெண்டைக்காலில் நல்ல கடி. தாய் ராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே உடனே ஊசியைத் தொடங்கினார்கள். ஒரே தடவை ஊசி போட்ட நாயை முழுதாக நம்ப முடியாது, நாயைக் கட்டிவைத்துப் பாருங்கள் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

தகப்பன் கொதித்துப் போய் பொலிஸில் முறைப்பாடு வைத்தார். பொலிஸார் எங்கள் பதிவைக் கேட்டார்கள். பதிவில் என் கையெழுத்தில் 'உரிமையாளர்: பேச்சியம்மா'. நாயை அசட்டையாக விட்டால் உரிமையாளர்மேல் வழக்குப் போடலாம் என்று சட்டம் இருக்கிறது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவரை இறக்கி, பொலிஸுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். தோட்டத்து அலுவலகத்திலோ, ஏழு நாய் வளர்க்கிற ஆளுக்கு லயத்தில் என்ன இடம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அந்தக் கலவரத்தில் டைகரைக் காணவில்லை.

நான் சிவபாலன் ஐயாவோடு அங்கே போனபோது பேச்சியம்மா தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"சார், நான் உங்களுக்கு ஒத்தாசைக்குத்தானே புடிச்சேன்? எனக்கு எப்படி ஏழு நாயி? என் புள்ளைங்களுக்கே சோறு பத்தல."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உந்தப் பேரை எழுதினது ஆர்?"

"நான்தான் ஐயா."

"கேட்டோ எழுதினீர்?"

"இல்ல ஐயா. நாயைப் புடிச்சவங்க பேருதான் எழுதுவேன்."

குடை தரையில் ஒருமுறை தட்டியது. என் சேவைக் காலத்தில் அந்தச் சத்தம் எனக்காகக் கேட்டது அன்று மட்டும்தான். நான் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கீழ்லயத்துக்கு நடந்தார். பிள்ளையின் கட்டைப் பார்த்தார், அடுத்த ஊசி என்றைக்கு என்று அட்டையை வாங்கிப் பார்த்தார். ராணி கேட்டது ஒரே கேள்வி.

"நாய் செத்துப் போயிருந்தா என்னங்க அர்த்தம்?"

அவள் கண்கள் உள்ளே போயிருந்தன. விசர்நோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்று கேள்விப்பட்டு, இரண்டு நாளாகப் பிள்ளை தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்குப் புரையேறினால் ராணிக்கு உயிர் போய்விடும். ஊசி போட்டாயிற்று, பயப்பட வேண்டாம் என்று ஐயா சொன்னார். நாய் கிடைத்துவிட்டால் மனத்துக்கும் நிம்மதி என்றார். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்.

"நாளைக்குக் காலமை பெரட்டிலை நீர் கதைக்கிறீர். நான் இல்லை, நீர்."

பெரட்டு என்றால் காலையில் எல்லாரும் வரிசையாக நின்று வேலை பிரித்துக்கொள்ளும் இடம். நான் பிறந்து வளர்ந்த லயத்திலும் பெரட்டு உண்டு. என் அம்மா நின்றிருக்கிறாள், நான் ஒருநாளும் முன்னால் நின்று பேசியதில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒருபக்கம், தோட்டத்து அதிகாரி ஒருபக்கம், நடுவில் கூடையும் படங்குமாக நூறு பேர். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

"ஏழு நாய்க்கும் பேச்சியம்மா அக்கா சொந்தக்காரங்க இல்ல. அவங்க எனக்காகப் புடிச்சாங்க. நான் அவங்களக் கேக்காமப் பேரு எழுதிட்டேன். தப்பு என்னோடது. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், நல்ல சிரிப்பில்லை. அப்போது பேச்சியம்மாவே கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தன் ஆட்களைப் பார்த்தார்.

"டைகர் எங்கேன்னு தெரிஞ்சவங்க சொல்லிடுங்க. எனக்காகச் சொல்ல வேணாம். கீழ்லயத்துல அந்தப் புள்ளையப் பெத்தவ ரெண்டு நாளாக் கண்ணு மூடல."

தொழிற்சாலையில் விறகு இறக்கும் சின்னையா தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார். பேச்சியம்மாவைப் பொலிஸ் பிடித்துவிடும், நாய் இல்லாவிட்டால் வழக்கும் இருக்காது என்று நினைத்து, திரும்பிப் போகும் வெறும் விறகு லொறியில் டைகரை ஏற்றிவிட்டிருக்கிறார். லொறிக்காரர் மலைக்குக் கீழே கினிகத்தேனையில் ஒரு கடையடியில் இறக்கிவிட்டாராம். சின்னையாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவரும் நல்லதாகத்தான் நினைத்தார், என்னைப் போல.

சின்னையாவும் நானும் அடுத்த பஸ்ஸில் இறங்கினோம். ஒவ்வொரு கடையாகச் சிவப்பு நாடா கட்டிய நாயைக் கேட்டுக்கொண்டே போனோம். கடைசியில் ஒரு தேநீர்க் கடை அடுப்புச் சூட்டில் டைகர் சுகமாகப் படுத்திருந்தது, எங்களைக் கண்டு வாலை ஆட்டியது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடை முதலாளி சிங்களவர். பழக்க தோஷத்தில் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன், இது யாருடைய நாய் என்று.

"காகேவத் நெமெய், மாத்தயா" என்றார் சிரித்துக்கொண்டு. யாருடையதும் இல்லையாம். இரண்டே நாளில் அந்தத் தெருவில் மூன்று கடைக்காரர்கள் அதற்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். சின்னையாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். கயிறு கட்டி, ஒரு சின்ன லொறியின் பின்னால் ஏறி, நாயை நடுவில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

இனி ஐயாவின் மூன்றாவது கேள்வி. நாயைப் பதினான்கு நாள் யார் பார்த்துக்கொள்வது? அவர் லயத்து முற்றத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அடிமட்டம் வைத்து 'பேச்சியம்மா' என்ற பெயரை நேராக வெட்டிக் கையெழுத்து வைத்தார். பொலிஸுக்கு ஒரு கடிதம் எழுதி என்னையும் கையெழுத்துப் போட வைத்தார். பிறகு அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"நாய் பன்னிரண்டு வீட்டுக்கும் சொந்தம் எண்டால், பன்னிரண்டு வீடும் ஒவ்வொரு நாள் பாருங்கோ. சோறு, தண்ணி, கட்டு அவிழாமல் பாக்கிறது. பொழுதுபடக் கையெழுத்து. சரியோ?"

"சட்டத்துல அதுக்கு இடம் இருக்குங்களா ஐயா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"சட்டம் பொறுப்பான ஆளைக் கேக்குது. பன்னிரண்டு பேர் பொறுப்பெண்டால் வேண்டாமெண்டு ஒரு இடத்திலையும் எழுதேல்லை."

ஒவ்வொருவராக வந்து நாளைச் சொன்னார்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரலை வைத்தார்கள். பன்னிரண்டு வீடு முடிந்தது. இரண்டு நாள் மிச்சம். அந்த இரண்டையும் நான் எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முற்றத்து ஓரத்தில் நின்ற ராணி பேசினாள்.

"அந்த ரெண்டு நாளு நான் வந்து சோறு வைக்கிறேங்க. கடிச்சது என் புள்ளையத்தானே. அது நல்லா இருக்கான்னு நானே பாக்கணும்."

பதின்மூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் ராணி வந்தாள். கடைசி நாள் தர்ஷினியையும் கூட்டி வந்தாள். பிள்ளை தூரத்தில் நின்று ரொட்டித் துண்டை எறிந்தாள். டைகர் தின்றது. தண்ணீரும் குடித்தது. ராணி அந்தத் தண்ணீர் குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு வரவில்லை. பேச்சியம்மாவின் காம்பராவுக்கும் ஒரு ஆபத்தும் வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் நான் பனிக்கட்டிப் பெட்டியோடு போனபோது அவர் வாசலுக்கு வரவில்லை. கூப்பிட்டேன்.

"வேணாங்க சார். இனிமே நான் எந்த நாயையும் புடிக்க மாட்டேன்."

அவர் மட்டுமில்லை, அந்தத் தோட்டம் முழுவதிலும் ஒருவரும் பிடிக்க வரவில்லை. நாயைத் தொட்டால் பெயர் எழுதுவார்கள் என்பது மலை முழுவதும் பரவிவிட்டது. அன்றிலிருந்து நானே படங்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய், நாயைப் பிடிக்கப் பழகினேன். முதல் வருடம் கை முழுவதும் கீறல். என் மனைவி மருந்து போட்டுவிட்டு, "நாய்க்கு ஊசி போடுறீங்களா, நாய்கிட்ட ஊசி வாங்குறீங்களா?" என்று கேட்பாள். பழகப் பழகப் பயம் போய்விட்டது. ஓய்வு பெறும் வரை அட்டையின் பின்பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேட்டுத்தான் எழுதினேன். சிவபாலன் ஐயா மாற்றலாகிப் போகும்போது அந்தத் தகர டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்ன நாளில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். படங்கையும் எடுத்துக்கொண்டேன், எதற்கு என்று தெரியாமலே. இளம் பரிசோதகர் பெரட்டுக் களத்தில் மேசை போட்டுக் கைத்தொலைபேசியோடு நின்றார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். நாய்களும் நின்றன. கேள்வி கேட்கப்பட்டது, எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தர்ஷினி மட்டும் தன் நாயைச் சங்கிலியில் கொண்டு வந்திருந்தாள். வளர்ந்து இப்போது அதே பாடசாலையில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். பெயரைச் சொன்னாள், பதிந்தாயிற்று. அதோடு நின்றுவிட்டது.

நான் முன்னால் போனேன். அன்று பெரட்டில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். தப்பு என்னோடது, கேக்காம எழுதினேன், இனி உங்களக் கேக்காம யாரும் எழுத மாட்டாங்க. இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. ஒரு பெயர்தான் ஏறும் என்றாலும், கூடப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரின் பெயரையும் குறிப்பில் எழுத இடம் உண்டு என்று பரிசோதகர் சொன்னார்.

கூட்டம் விலகியது. பேச்சியம்மா வந்தார். வேலையிலிருந்து நின்று வருடங்கள் ஆகிவிட்டன, முடி முழுவதும் வெள்ளை, விரல்கள் மடங்கிப் போயிருந்தன. அவர் பின்னால் ஒரு பழுப்புப் பெண்நாய். அது என்னைப் பார்த்து உறுமியது.

"இதுவும் லயத்து நாய்தாங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"சோறு எல்லாரும் போடுறோம். படுக்கிறது என் வாசல்ல." என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த படங்கையும் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அடையாள அட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"என் கைக்கு இப்ப முடியல சார். இந்த வாட்டி நீங்க புடிங்க, பேரு நான் குடுக்கிறேன்."

நான் மண்டியிட்டுப் படங்கை விரித்தேன்.